அபராதம் கட்ட வழியில்லாமல் சிறையில் இருப்போருக்காக: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

"2 ஆண்டு சிறை, 10,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் 5 மாதம்." திருட்டு போன்ற வழக்குகளில் தீர்ப்பு இப்படித்தான் முடியும். அந்த 'மேலும்' என்ற சொல்லுக்காகத்தான் இந்த நிதி. செய்த குற்றத்துக்கான சிறை 2 ஆண்டோடு முடிந்துவிடுகிறது. பிறகு வரும் 5 மாதம் கையில் காசில்லாததற்கு.

இந்த 5 மாதம் மூலத் தண்டனையான 2 ஆண்டோடு சேர்ந்து ஓடாது, அது முடிந்த பிறகே தொடங்கும். ரிமாண்டில் இருந்த நாட்களை மூலத் தண்டனையில் கழிப்பார்கள். இதில் கழிக்க மாட்டார்கள். "இந்த மாதம் வந்துவிடுவார்" என்று குடும்பங்கள் தப்புக் கணக்குப் போடுவது இங்கேதான்.

ஆனால் சட்டத்தில் ஒரு வழியும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 8 (பழைய வழக்குகளுக்கு இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 69) சொல்வது: கழித்த நாட்களின் விகிதத்தில் அபராதமும் குறையும். மேலே சொன்ன கணக்கில் ஒரு மாதம் 2,000 ரூபாய்க்குச் சமம். 2 மாதம் கழித்தவருக்கு 10,000 தேவையில்லை, 6,000 கட்டினால் போதும். இது தெரியாமல் வட்டிக்கு வாங்கி முழுத்தொகையையும் கட்டுவோர் உண்டு.

பணம் கட்டுவதற்கு முன் எங்கள் வழக்கறிஞர்கள் மூன்றைப் பார்ப்பார்கள். மேல்முறையீட்டில் அபராதம் மாறியிருக்கிறதா? கட்டத் தவறினால் என்று விதித்த காலம், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்ச சிறையில் கால்பங்கைத் தாண்டுகிறதா? தாண்டினால் பணம் கட்டுவதல்ல, மனுப் போடுவதே வழி. வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காக ஆஜர்படுத்தச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு) நிலுவையில் இருக்கிறதா? இருந்தால் கட்டிய பிறகும் கதவு திறக்காது. இந்த மூன்றாவதில்தான் நல்லெண்ணத்தோடு கொடுத்த பணம் வீணாகும்.

ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை கிடைக்கும். முதல் விண்ணப்பம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக அங்கேதான் போகும். போதைப்பொருள், ஊழல் வழக்குகள் அதில் சேராது, நாங்களும் எடுப்பதில்லை. கஞ்சா வழக்குகளில் அபராதம் லட்சத்தைத் தொடும், ஒரு சிறு நிதியால் தாங்காது. அரசின் ஒப்புதல் வருவதற்குள் தண்டனைக் காலமே தீர்ந்துவிடும் சிறு தொகைகளே எங்கள் வேலை.

"திருடனுக்கா காசு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அபராதத் தொகையிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. அப்படி உத்தரவிட்ட வழக்கில், கைதி உள்ளேயே இருந்து நாளைக் கழித்தால் பறிகொடுத்தவர் கைக்கு ஒரு ரூபாய்கூட வராமல் போகலாம்; கட்டினால் வரும். இத்தகைய வழக்குகளுக்கே முதலிடம் தருகிறோம்.

இந்த ஆண்டு இலக்கு 3 லட்சம் ரூபாய். 500 ரூபாயும் பயன்படும்: மேலே சொன்ன கணக்கில் அது ஒரு வாரம். கைதியிடமோ குடும்பத்திடமோ ரொக்கம் தருவதில்லை. அரசு ரசீதின் நகல், பெயரை மறைத்து, நன்கொடையாளருக்கு வரும். காசோலை அல்லது வங்கி வழி மட்டும் அனுப்புங்கள். எங்களுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை, எனவே வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் அனுப்ப வேண்டாம். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் தாராளமாக அனுப்பலாம்.

இப்படிக்கு,
நிதிக் குழுவினர்