முகமூடிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே குரல்: கார்ட்டூன் உரிமை வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பழைய கார்ட்டூன் தொடர்களைத் தமிழில் வெளியிடும் உரிமை உங்கள் கையில் இருப்பதாலும், நான்கு இளைஞர்களும் ஒரு நாயும் பேய் மர்மங்களைத் துப்பறியும் 1969ஆம் ஆண்டின் 'ஸ்கூபி டூ' கதைகளை அண்மையில் உங்கள் செயலியில் 'தமிழில்' என்ற பட்டை ஒட்டி ஏற்றியவர்கள் நீங்களே என்பதாலும் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன். பழைய தமிழ்க் குரல்கள் எங்கே போயின என்று கேட்டு என்னைப் போன்ற பலர் எழுதியதும், எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் நன்றி தெரிவித்துப் பதில் வந்ததும் நீங்கள் அறிந்ததே என்பதால் அந்த முன்கதையைத் திரும்பச் சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான்: முன்பு தொலைக்காட்சியில் ஒலித்த அந்தத் தமிழ் ஒலித்தடத்தை அப்படியே திரும்ப வெளியிடுங்கள்.

நான் குறிப்பிடுவது தொடரின் முதல் கதையை. 1969 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வெளியான கதை அது. முழுநிலவு இரவில் ஆளில்லாத சாலையில் ஒரு சரக்கு வண்டி போகிறது; பின்னால் ஏற்றியிருக்கும் பெட்டி திறந்து, கருப்புக் கவசம் அணிந்த உருவம் எழுந்து உட்காருகிறது. வண்டியில் வந்த லண்டன் பேராசிரியரைக் காணவில்லை. கவசம் போய்ச் சேர வேண்டிய அருங்காட்சியகத்தின் காப்பாளரான விக்கிள்ஸ், முழுநிலவில் கருப்பு வீரன் உயிர்பெறுவான் என்ற கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சிறுவயதில் எனக்கு அந்தக் கவசத்தின் மீதுதான் பயம். இப்போது பார்க்கும்போது, இவ்வளவு பணிவாகப் பேசுகிற காப்பாளரைக் கண்டுதான் முதலில் கலவரம் வருகிறது.

என் அம்மாவுக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது. நான் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்க, அவர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்தபடி காதாலேயே கதையைப் பின்தொடர்வார். திரும்பிப் பார்க்காமலேயே, "இவன் பேச்சு ரொம்ப வழுக்குதே, இவன்தாண்டா" என்பார். கடைசியில் முகமூடி கழலும்போது பெரும்பாலும் அவர் சொன்ன ஆள்தான் நிற்பான். ஆங்கிலம் அறியாத அவருக்கு அந்தத் தமிழ்க் குரல்களில் இருந்த நெளிவும் தயக்கமும்தான் தடயம். இப்போது கண் நீர் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை பெரிதும் மங்கிவிட்டது. திரையில் வெளிச்சம் அசைவது தெரியும், முகம் தெரியாது. இந்த நிலையில்தான் உங்கள் செயலியில் அக்கதையைத் தமிழில் கண்டதும், அம்மாவை உட்கார வைத்து ஒலியைக் கூட்டி வைத்தேன்.

உங்கள் புதிய ஒலித்தடத்தில், துப்பறியும் இளைஞர்களில் ஒருவனான ஃபிரெட்டுக்கும் காப்பாளர் விக்கிள்ஸுக்கும் பேசியிருப்பவர் ஒரே ஆள். குரலை மாற்றிப் பேச அவருக்கு நேரம் கொடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அருங்காட்சியகத்தில் காப்பாளர் நிலவையும் கருப்பு வீரனையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே அம்மா, "ஏண்டா, அந்தப் பையன் எதுக்கு இதையெல்லாம் சொல்றான்?" என்று கேட்டார். கடைசிக் காட்சியில் குற்றத்தை விளக்குகிறவரும் அதை ஒப்புக்கொள்கிறவரும் ஒரே மனிதராகிவிட்டதால், பார்வையுள்ள எனக்கே உதட்டசைவைப் பார்த்துத்தான் யார் பேசுகிறார் என்று பிரிக்க முடிந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் நான் குறுக்கே புகுந்து "இது காப்பாளர்", "இது ஃபிரெட்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யார் குற்றவாளி என்பதைக் கதை சொல்லுமுன் நானே அறிவித்துக்கொண்டிருந்தால் அதில் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கும்? முடிவதற்குள்ளேயே அம்மா, "போதும், அணைச்சிடு" என்று சொல்லிவிட்டார். துப்பறியும் கதையில் ஆளுக்கொரு குரல் என்பது ஆடம்பரம் என்று உங்களில் எவரேனும் நினைத்தால், ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு அக்கதையை முழுதும் கேட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

சிக்கனம் இத்தொடருக்குப் புதிதல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதைத் தயாரித்த ஹன்னா-பார்பெரா நிறுவனம் குறைந்த செலவில் படம் வரைவதில் பெயர் பெற்றது. துரத்தல் காட்சிகளில் ஒரே சுவரும் ஒரே விளக்கும் திரும்பத் திரும்பக் கடந்து போவதைப் பெரியவனான பிறகுதான் கவனித்தேன், கவனித்ததும் சிரிப்புத்தான் வந்தது. ஸ்கூபிக்குக் குரல் கொடுத்த டான் மெஸிக்கும் அதே தொடரில் வேறு பல பாத்திரங்களுக்குப் பேசியவர். ஆனால் நாயையும் மனிதனையும் ஒருவரே பேசுகிறார் என்று கேட்பவருக்குத் தோன்றியதில்லை. நம் பழைய தமிழ்க் கலைஞர்களிலும் ஒருவரே இரண்டு மூன்று பேருக்குப் பேசியிருக்கக்கூடும். அது எங்களுக்குத் தெரியாமல் போனதற்கு அவர்களுடைய திறமை ஒரு காரணம். கதை முடிந்ததும் அவர்கள் பெயர்களை யாரும் ஒருமுறையேனும் திரையில் போடாதது இன்னொரு காரணம்.

வளர்ந்த பிறகு இக்கதையைப் பார்க்கும்போது வேறொன்றும் உறைக்கிறது. பேயென்று ஒன்றும் இல்லை. காப்பாளரே அசல் ஓவியங்களை வெளியே விற்றுவிட்டுப் போலிகளைச் சுவரில் மாட்டியிருக்கிறார், அவற்றைப் போலி என்று கண்டுகொள்ளக்கூடிய நிபுணர் என்பதால்தான் பேராசிரியரைக் கடத்தியிருக்கிறார். இது எங்கோ அமெரிக்கச் சிற்றூரில் நடக்கும் கதை என்று ஒதுக்க நம்மால் முடியாது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரம் கோயில் நடராசர் சிலை 1950களில் செப்பனிடக் கொடுக்கப்பட்டு, அசல் கைமாறிப் போலி கோயிலுக்குத் திரும்பியது. கோயிலில் இருப்பது போலி என்பதை 1960களில் எடுத்துச் சொன்னவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பேரட். அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்திருந்த அசல் சிலை 1986இல்தான் இந்தியாவுக்கு மீண்டது. லண்டனிலிருந்து வரும் நிபுணரைக் கண்டு கார்ட்டூன் காப்பாளர் ஏன் அப்படி நடுங்கினார் என்பது சிவபுரத்தை அறிந்தவர்களுக்கு விளக்காமலே விளங்கும்.

சொல்லக் கூசுகிறது என்றாலும் சொல்லிவிடுகிறேன்: விக்கிள்ஸையாவது என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, அவர் அசலை விற்றுக் காசு பார்த்தார். நீங்கள் அசலை விற்கவும் இல்லை, காட்டவும் இல்லை. கிடங்கில் பூட்டி வைத்துவிட்டு, போலியை மாட்டி, அதைப் பார்ப்பதற்குச் சந்தாவும் வாங்குகிறீர்கள். அந்தச் சந்தாவை உயர்த்தும்போது மட்டும் அறிவிப்பு பிழையில்லாத தமிழில், உரிய நேரத்தில் வந்துவிடுகிறது. 'உங்கள் மொழியில், உங்கள் வீட்டில்' என்ற ரீதியில் சுவரொட்டி அடிப்பதற்கு ஆகும் செலவில், ஒரு காப்பாளருக்குத் தனியாக ஒரு குரல் கொடுத்திருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. குழந்தைகளுக்கானதுதானே, தமிழ்தானே, எது கிடைத்தாலும் பார்ப்பார்கள் என்ற நினைப்பு உங்கள் கூட்டங்களில் எங்கேனும் பேசப்பட்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை. பேசப்பட்டிருந்தால் விளைவு இப்படித்தான் இருந்திருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

கோபத்தில் மடல் வழி தவறுகிறது, பொறுத்தருளுங்கள். இத்தொடரின் பெரும்பாலான பழைய கதைகள் ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன: பேய் என்று சொல்லப்படுவதை விசாரி, அது ஒரு மனிதனாகத்தான் இருக்கும். வானியலாளர் கார்ல் சேகனே இந்தக் காரணத்துக்காக இத்தொடரைப் பாராட்டியிருக்கிறார். விசாரிக்க வேண்டுமானால் கேட்பவருக்குத் தடயம் கிடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது குரலாகத்தான் கிடைத்தது. பார்வை குன்றிய எல்லார் வீட்டிலும் அப்படித்தான் கிடைக்கும்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன். பழைய தமிழ் ஒலித்தடத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். புதியதை நீக்க வேண்டும் என்றுகூட இல்லை. மொழித் தெரிவுப் பட்டியலில் இரண்டாவதாகப் பழையதைச் சேர்த்தால் போதும், வேண்டியவர்கள் தேர்ந்துகொள்வார்கள். ஒளிபரப்புக்காக முன்பு வெட்டப்பட்ட பகுதிகளுக்குத் தமிழ் ஒலி இல்லை என்பது தடையாக இருந்தால், வெட்டிய வடிவத்தையே வெளியிடுங்கள். முழுமையில்லாத அசலை நாங்கள் மகிழ்ச்சியோடு ஏற்போம். குரல் கொடுத்தவர்களின் பெயர்களை இம்முறையாவது இறுதியில் போடுங்கள். ஒலித்தடமே தொலைந்துவிட்டது என்றால் அதையும் வெளிப்படையாக அறிவியுங்கள். அந்நாளில் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து வைத்த ஒளிநாடாக்களும் குறுந்தகடுகளும் எத்தனையோ வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. நீங்கள் கேட்டால் தேடி எடுத்துத் தர ஆட்கள் இருக்கிறார்கள். எவ்வடிவத்தில், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் தெரிவித்தால் போதும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சந்தாதாரர் ஒருவர்