பெயர் கேட்க மறந்த அக்காவுக்கு

சியோலில் இருந்து வாஷிங்டன் வந்து, ஒரு வெளியுறவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த மூன்றாவது வாரம் அது. 1953 கொரியப் போர்நிறுத்தம் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். தென் கொரியா அதில் கையெழுத்திடவில்லை. அதிபர் சிங்மன் ரீயை அமெரிக்கா எப்படிச் சமாதானப்படுத்தியது என்பதை மூல ஆவணத்திலேயே பார்க்க நினைத்தேன்.

மேரிலாந்தில், காலேஜ் பார்க் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பேனா கூடாது, பென்சில்தான். சரி, ஆனால் அத்தனை பெட்டிகளில் எதைக் கேட்பது? படிவத்தோடு கண்கலங்கி நின்றேன்.

பக்கத்து மேசையிலிருந்து நீங்கள் எழுந்து வந்தீர்கள். வெளியுறவுத் துறை அச்சிட்ட ஆவணத் தொகுதியைத் திறந்து, ஒவ்வொரு ஆவணத்தோடும் இருக்கும் கோப்பு எண்ணைக் காட்டினீர்கள். 795.00 என்றால் கொரிய அரசியல் விவகாரம். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் பெட்டி வந்துவிடும் என்றீர்கள். எத்தனை எளிது! இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அப்புறம் பெட்டி வந்தது. 1953 ஜூன் 18 அன்று ரீ சுமார் 27,000 போர்க்கைதிகளைத் தன்னிச்சையாக விடுவித்தாரே, அந்த நாட்களின் தந்திகள். என் தாத்தா அப்போது பூசானில் அகதி. அந்தத் தாள்களைத் தொட்டபோது கை நடுங்கியது. நீங்கள் ஒன்றும் கேட்காமல் அருகில் உட்கார்ந்திருந்தீர்கள்.

எங்கள் ஊரில் பெண்கள் அக்காவை ‘ஒன்னி’ என்போம். உங்கள் அரை நாளை எனக்குத் தந்ததற்கு மனமார்ந்த நன்றி, ஒன்னி. இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள்.