ஸ்கேனில் தெரியாத அப்பென்டிக்ஸ்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகள் வார்டில் பல காலம் செவிலியராக இருந்தவள் நான். வயிற்றுவலியோடு பிள்ளையைத் தூக்கி வரும் பெற்றோர், "உடனே ஸ்கேன் எடுத்துடுங்க" என்பார்கள். அப்பென்டிக்ஸ் எனும் குடல்வால் அழற்சி விஷயத்தில் ஸ்கேன் மட்டும் போதாது.

பெரிய பிள்ளைகளுக்குத் தொப்புளைச் சுற்றி ஆரம்பிக்கும் வலி, பெரும்பாலும் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி போய்விடும், வாந்தி வரும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இதையெல்லாம் சொல்லத் தெரியாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வேறு நோய் போலவே இருக்கும். அதனால்தான் அந்த வயதில் குடல்வால் வெடித்த பிறகு கண்டுபிடிப்பது அதிகம். நான் முதலில் பார்ப்பது நடையைத்தான். குனிந்தபடி மெல்ல நடக்கிறதா? குதிக்கச் சொன்னால் மறுக்கிறதா?

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு கிடையாது. அதை முதலில் எடுப்பது சரி. ஆனால் குடல்வால் அதில் கண்ணுக்கே படாமல் போவதுண்டு. அப்போது நோய் இல்லை என்று வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. ரத்தத்தில் வெள்ளையணு, அழற்சி இருந்தால் கூடும் சிஆர்பி என்ற புரதம் இரண்டையும் பார்ப்பார்கள். சில மணி நேரம் கழித்து மருத்துவர் மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். சந்தேகம் தீராவிட்டால் எம்ஆர்ஐ அல்லது சிடி.

அப்புறம், வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய பயம் இன்னும் போகவில்லை. மருத்துவமனையில் அளவறிந்து கொடுக்கும் மருந்து நோயைக் கண்டறிவதைக் கெடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. பிள்ளை வலியில் துடித்தால் தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

– ஓய்வுபெற்ற செவிலியர்