‘மதம்: இல்லை’ என்று நான் எழுதியது

எக்சிட்டர், இங்கிலாந்து,
நவம்பர் 14

அன்புள்ள மங்கைக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் நான்கு மாதங்களைக் கடத்திவிட்டேன். வேலை மிகுதி என்று சாக்குச் சொல்ல மனம் வரவில்லை. இங்கே அனைவரும் நலம். மாடி வீட்டு அத்தை உன் மூலம் அனுப்பிய தாயத்து பத்திரமாக வந்து சேர்ந்தது. ‘சூனியக்காரிகளோடு உனக்கு என்னடி சகவாசம்?’ என்று நீ கேட்டிருந்ததைப் படித்தபோது முதலில் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. இப்போது இரண்டும் இல்லை. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், நீ சூனியக்காரி என்ற அந்தப் பதினோராம் அறைப் பாட்டி போன புதன்கிழமை விடியற்காலையில் இறந்துவிட்டார்.

அவர் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்த நாளில் சேர்க்கைப் படிவத்தை நிரப்பியவள் நான்தான். மதம் என்ன என்று கேட்டேன். ‘விக்கா’ என்றார். தங்களை ‘விட்ச்’ என்று சொல்லிக்கொள்வோரின் மதம் அது. கணினிப் பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லை. எனக்கும் அது ஒரு பொழுதுபோக்கு என்றுதான் தோன்றியது. ‘இல்லை’ என்பதை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். 1970களில் தீட்சை பெற்று, அரை நூற்றாண்டாக ஒரு பௌர்ணமியும் தவறாமல் வழிபட்டவரின் மதத்தை நான் ஒரு நொடியில் அழித்தேன்.

அதன் பலன் ஒரு வாரத்தில் தெரிந்தது. அவருடைய அலமாரித் தட்டில் ஒரு வெண்கலக் கிண்ணம், ஒரு தட்டில் உப்பு, கறுப்புக் கைப்பிடி போட்ட ஒரு சிறு கத்தி ஆகியவை இருந்தன. அந்தக் கத்திக்கு அதாமே என்று பெயர். வழிபாட்டுக்கு முன் காற்றில் வட்டம் வரைந்து இடத்தைப் புனிதப்படுத்துவதற்கு மட்டுமே அது. அதன் முனை வெண்ணெயைக்கூட அறுக்காது. நிர்வாகம் அதை ஆயுதம் என்று பதிந்து அலுவலகத்தில் வைத்துப் பூட்டிவிட்டது. அடுத்த அறை அம்மாவின் ஜெபமாலையை யாரும் தொடவில்லை. படிவத்தில் ஒரு மதத்தின் பெயர் இருந்திருந்தால் கத்தியை எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பார்கள்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். சாத்தானை வழிபடுகிறவர்களா என்றால், இல்லை. சாத்தான் கிறிஸ்தவக் கதைக்குள் இருப்பவன். இவர்கள் வணங்குவது ஒரு தேவியையும் கொம்புடைய ஒரு தேவனையும். ஆண்டுக்கு எட்டுத் திருநாள்கள் சூரியனின் போக்கையும் பருவங்களையும் ஒட்டி வருகின்றன. யாருக்கும் தீங்கு செய்யாதவரை உன் விருப்பப்படி நட என்பதே இவர்களின் நெறி. ‘விட்ச்’ என்பதை நாம் சூனியக்காரி என்று தமிழாக்கும்போதே தீங்கு செய்கிறவள் என்ற தீர்ப்பும் சேர்ந்துவிடுகிறது. என்ன செய்வது, நம்மிடம் வேறு சொல் இல்லை.

இது பழைய மதமும் அல்ல. ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, பிறகு மலாயாவில் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். 1939இல் தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழங்காலக் குழு தமக்குத் தீட்சை தந்தது என்றார். சூனியம் செய்வதாகக் கூறிக்கொள்வதைக் குற்றமாக்கிய 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் அந்தக் குழுவின் மதத்தைப் பற்றிப் புத்தகம் எழுதி உலகுக்கு அறிவித்தார். கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதம் ஒன்று மறைவாகத் தொடர்ந்து வந்தது என்று எகிப்தியவியல் அறிஞர் மார்கரெட் மர்ரே 1921இல் எழுதியதை வரலாற்றாசிரியர்கள் இன்று ஏற்பதில்லை. வழிபாட்டில் ஓதப்படும் ‘தேவி வாக்கு’ என்ற உரையின் பெரும்பகுதியை இன்றுள்ள வடிவில் எழுதிய டோரின் வாலியன்டே மறைந்தது 1999இல்தான். பாட்டிக்கு இவை அனைத்தும் தெரியும். ‘அப்படியானால் இது உண்மையான மதமா?’ என்று நான் வாய்விட்டே கேட்டேன். ‘என் பாட்டு யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். உன் பாட்டு யார் எழுதியது என்று உனக்குத் தெரியாது. பாடுகிறபோது வித்தியாசம் இருக்கிறதா?’ என்றார். எனக்குப் பதில் வரவில்லை, மங்கை.

விக்காவினர் தங்களையும் சேர்த்துச் சொல்லும் ‘பேகன்’ என்ற சொல்லைப் பற்றியும் அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன். லத்தீனில் அது நாட்டுப்புறத்தானைக் குறித்தது. பிறகு கிறிஸ்தவர் அல்லாத எல்லோரையும் ஒதுக்கும் பெயராயிற்று. தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1713இல் அச்சிட்ட தமிழ்ச் சிறுநூல் ஒன்றின் தலைப்பே ‘அக்கியானம்’; பேகன் மதத்துக்கு அவர் வைத்த பெயர் அது. அந்த அக்கியானிகள் நம் முப்பாட்டன்மார். நம் ஊர் எல்லையில் நிற்கும் அய்யனாரையும் மாரியையும் பேய் என்று எழுதிப் போனவர்கள் உண்டு என்பதைத் தமிழய்யா வகுப்பில் சொன்னபோது நீதான் எழுந்து நின்று சண்டை போட்டாய். அதே நீ இன்று அந்தக் கிழவியைப் பேய் பிடித்தவள் என்கிறாய்.

அரசாங்கங்கள் விக்காவை ஒரு மதமாக ஒப்புக்கொள்ளவும் நீண்ட காலம் ஆயிற்று. ஆப்கானிஸ்தானில் 2005இல் கொல்லப்பட்ட அமெரிக்க வீரர் ஒருவரின் நினைவுப் பலகையில் விக்காவின் சின்னமான, வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரத்தைப் பொறிக்க அனுமதி கேட்டு அவர் மனைவி போராடினார். 2007இல்தான் அரசு இணங்கியது. இங்கே 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிக் கட்டம் இல்லாதபோதும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் ‘பேகன்’ என்றும் 13,000 பேர் ‘விக்கா’ என்றும் தாமாகவே எழுதிக் கொடுத்தார்கள். நான் எழுத மறுத்த அதே சொல்.

அவர்களுக்குள்ளும் எது மெய் என்ற வழக்கு ஓயவில்லை. கார்ட்னர் வழியில் குரு தீட்சை பெற்றால்தான் விக்கா என்பார் சிலர். புத்தகம் படித்துத் தனியாக வழிபடுவோர்தாம் இன்று பெருங்கூட்டம். எங்கள் சமையலறைப் பெண் இரண்டாவது வகை. பாட்டி அவளை ஏற்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். பாட்டியோ, ‘பௌர்ணமியை வானத்தில் பார்ப்பாயா, கைபேசியில் பார்ப்பாயா?’ என்று மட்டும் கேட்டார். வானத்தில் என்றாள் அவள். அன்று முதல் இருவரும் ஜன்னலோரம் சேர்ந்தே உட்கார்ந்தார்கள்.

அக்டோபர் 31 அவர்களுக்கு ‘சாவின்’ (Samhain) என்ற திருநாள், இறந்தோரை நினைக்கும் இரவு. மெழுகுவத்திக்கு அனுமதி இல்லாததால் மின்கலத்தில் எரியும் விளக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கணவரின் படத்துக்கு முன் ரொட்டித் துண்டையும் பாதி நறுக்கிய ஆப்பிளையும் வைத்தார். குறுக்கே நறுக்கியதால் விதைகள் ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரிந்தன. கத்தி இல்லாததால் நடுங்கும் ஆள்காட்டி விரலால் காற்றில் வட்டம் வரைந்தார். அம்மாவுக்கு இலை போட்டுப் படைத்துவிட்டுக் காக்கைக்காகக் காத்து நின்ற அப்பாவின் முகம் அப்படியே அங்கே இருந்தது.

அதற்குப் பிறகு பாட்டி எழுந்து நடமாடவே இல்லை. கத்தியைத் திருப்பித் தரும்படி நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு அனுமதி வந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. கையில் வைத்தேன், விரல்கள் மூடிக்கொண்டன. இறந்தவரின் பதிவைத் திருத்த முடியாது என்கிறது அலுவலகம். அதனால் ‘இவரது மதம் விக்கா, தவறாகப் பதிந்தவள் நான்’ என்று கைப்பட எழுதி, கையொப்பமிட்டுக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அடக்கம். கத்தி அவரோடு போகிறது, கிண்ணம் சமையலறைப் பெண்ணுக்கு.

அத்தையிடம் சொல், தாயத்தைக் கட்டிக்கொண்டேன். பாட்டிக்குப் பயந்து அல்ல. அந்த வயதில் கோயிலில் கால்கடுக்க நின்று எனக்காக வாங்கினாரே, அதற்காக.

என்றும் உன்,
தேவி