சொலிட்டானைத் தமிழில் எழுதுங்கள்: ஒளியியல் ஆய்வாளர்களுக்கு எல்லையூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழகத்திலும் கேரளத்திலும் ஒளியிழைச் சொலிட்டான்களை, அதாவது இழையில் வடிவம் குலையாமல் நெடுந்தூரம் ஓடும் ஒளித்துடிப்புகளை, ஆராய்ந்துவரும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். இங்கே வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே பிள்ளைகள் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பிறகு ஆங்கிலப் பாடநூல்களோடு மல்லுக்கட்டி, முதுகலையில் நேரியலற்ற ஒளியியலை (ஒளியின் செறிவுக்கேற்ப ஊடகத்தின் தன்மையே மாறுவதைப் படிக்கும் துறையை) விருப்பப் பாடமாக எடுக்கும் மாணவர்கள் சிலருக்கு மாலை வேளைகளில் பாடம் சொல்லி வருகிறேன். அவர்கள் பொருட்டே இந்த மடல்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, இழையில் ஒளித்துடிப்பு எப்படி ஓடும் என்பதைச் சொல்லும் நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை எழுதி, அதன் சொலிட்டான் தீர்வையும் இரண்டு பக்கங்களில் பிழையின்றி வருவித்துக் காட்டினாள். "இந்தத் துடிப்பின் முன்பக்கம் சிவப்பா, பின்பக்கம் சிவப்பா?" என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண். தீர்வைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்த எங்களில் ஒருவரும் அந்தத் தீர்வு என்ன செய்கிறது என்பதை அவள் மொழியில் சொல்லியிருக்கவில்லை.

அன்று அவளுக்கு நான் சொன்னது இதுதான். கண்ணாடியில் ஒளியின் செறிவு கூடினால் அதன் ஒளிவிலகல் எண்ணும் மிக மிகச் சிறிதளவு கூடுகிறது. இதையே கெர் விளைவு என்கிறோம். துடிப்பின் நடுப்பகுதியில் செறிவு மிகுதி என்பதால் அங்கே அலையின் கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) கூடுதலாகப் பின்தங்குகிறது, அதனால் துடிப்பின் முன்பகுதி சற்றே சிவப்பு நோக்கியும் பின்பகுதி நீலம் நோக்கியும் நகர்கின்றன. (எல்லாமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிதான், நெடிய அலையைச் சிவப்பு என்றும் குறுகியதை நீலம் என்றும் சொல்லிக்கொள்கிறோம்.) சாதாரண சிலிக்கா இழையில், ஏறத்தாழ 1.3 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்களில், நீலம் விரைந்து ஓடும், சிவப்பு தாமதிக்கும். ஆகவே முன்னால் போகும் சிவப்பு தாமதிக்க, பின்னால் வரும் நீலம் எட்டிப் பிடிக்க, துடிப்பு சிதறாமல் போகிறது. எங்கள் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் கூட்டத்தில் முன்னே போகிறவர்கள் நடையைத் தளர்த்துவதும் பின்னே வருகிறவர்கள் எட்டி வைப்பதும் அவளுக்குத் தெரியும். உடனே கேட்டாள்: "அங்கே குருசாமி சொல்வார். இங்கே தளரச் சொல்வது யார்?" ஒளியின் செறிவேதான் சொல்கிறது. செறிவு போதாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். மிஞ்சினால் துடிப்பு ஒடுங்கி, பிளந்து, குறிப்பிட்ட தொலைவுக்குப் பிறகு பழைய வடிவத்துக்கே திரும்பும். இவ்வளவையும் கேட்ட பிறகு அவள் மறுபடி சமன்பாட்டை எடுத்து, எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்கிறது என்று தானாகவே விரல் வைத்துக் காட்டினாள்.

அதன் பிறகு அவர்களைக் கால்வாய்க்கு அழைத்துப் போனேன். ஆற்று நீரைக் கால்வாய்களுக்குத் திருப்பிவிடும் மூலத்தறை ரெகுலேட்டரில் தண்ணீர் அடைத்த மறுநாள், கிளைக் கால்வாயில் முழங்கால் ஆழத்துக்கு நீர் அசையாமல் நின்றது. கால்வாயின் அகலத்துக்கு அறுத்த பலகையை இருவர் பிடித்து நான்கடி தூரம் தள்ளிச் சட்டென்று நிறுத்தினார்கள். பலகைக்கு முன்னால் எழும்பிய நீர்மேடு அதைவிட்டுப் பிரிந்து, நுரையில்லாமல் வழவழவென்று முன்னே போயிற்று. சிற்றலைகள் பின்தங்கி அடங்கிவிட்டன, அந்த ஒரு மேடு மட்டும் கரையோரப் புற்களை வரிசையாக நனைத்துக்கொண்டே மதகு வரை சென்றது. கரையில் கைக்கடிகாரத்தோடு ஓடிய பையன் விநாடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் என்றான். நீரின் ஆழத்தை வைத்துப் போட்ட கணக்கும் அதை ஒட்டியே வந்தது. 1834 ஆகஸ்டில் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில், படகு நின்ற பின்னும் ஓடிய நீர்மேட்டை பொறியாளர் ஜான் ஸ்காட் ரசல் குதிரைமேல் ஒன்றிரண்டு மைல் துரத்திப் போன கதையை அதற்குப் பிறகுதான் சொன்னேன். நீரில் ஆழம் செய்யும் வேலையும் கண்ணாடியில் செறிவு செய்யும் வேலையும் ஒன்றல்ல, சமன்பாடுகளும் வேறு என்பதையும் சொன்னேன்.

இப்படி எழுதப்பட்ட ஒரு தமிழ் நூலை அவர்கள் கையில் கொடுக்கத் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. இணைந்து செல்லும் சொலிட்டான்கள் மோதும்போது தங்களுக்குள் ஆற்றலைப் பகிர்ந்துகொள்கின்றன என்று 1997இல் காட்டிய ஆய்வு, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மு. லட்சுமணன் குழுவினர் ஃபின்லாந்து அறிஞர் ஒருவரோடு சேர்ந்து செய்தது. மிகக் குறுகிய சொலிட்டான்கள் போகப் போகச் சிவப்பை நோக்கி நகர்வதற்குக் காரணமான சிதறலுக்கு, அதே திருச்சியில் பிறந்த ராமனின் பெயர்தான். எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரின் இயற்பியல், எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் வழியாக மட்டும் வந்துசேர்வது எனக்கு ஆறவே இல்லை.

அப்படியொரு நூலை நீங்கள் எழுதும்போது ஓர் உண்மையையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒளியிழையில் சொலிட்டான் ஓடும் என்று ஹசெகாவாவும் டாப்பர்ட்டும் 1973இல் கணித்ததை மோலனாவர், ஸ்டோலன், கார்டன் மூவரும் 1980இல் 700 மீட்டர் இழையில், 7 பிக்கோ விநாடித் துடிப்புகளைக் (ஒரு பிக்கோ விநாடி என்பது விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கொண்டு, ஒரு வாட் அளவிலான உச்சத் திறனில் செய்து காட்டினார்கள். 1988இல் மோலனாவரும் ஸ்மித்தும் 4000 கிலோமீட்டருக்கு மேல் ஓடவிட்டார்கள். ஆனால் இன்று கடலடியில் ஓடும் செய்திகளைப் பெரும்பாலும் சொலிட்டான்கள் சுமப்பதில்லை. வாங்கும் முனையில் கணினிவழிச் சீரமைப்பு வந்த பிறகு இழையின் நிறப்பிரிகையை (நிறத்துக்கு நிறம் வேகம் மாறுவதால் துடிப்பு அகன்றுபோவதை) அங்கேயே சரிசெய்துகொள்கிறார்கள். ஆய்வேடுகளின் முன்னுரைகளில் மட்டும் சொலிட்டான் இன்னும் நாளைய தொலைத்தொடர்பாகவே இருந்துவருகிறது. அதை நம்பி ஒரு மாணவர் ஐந்து ஆண்டுகளைக் கொடுப்பது நியாயமில்லை. இழை லேசர்களிலும், ஒளியைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் நுண் ஒத்ததிர்விகளில் உண்டாக்கப்படும் அதிர்வெண் சீப்புகளிலும் (சீப்பின் பற்கள்போல் சம இடைவெளியில் நிற்கும் அதிர்வெண்கள்) அது உயிரோடு இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அங்கே செய்ய வேலை நிறைய உண்டு.

கலைச்சொற்களையும் நீங்களே கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் dispersion என்னும் ஒரே பொருளுக்கு நிறப்பிரிகை, பரவல், சிதறல் என்று மூன்று சொற்கள் புழங்கினால் பிள்ளைகள் மூன்று நிகழ்வுகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சொலிட்டானை வெறுமே தனியலை என்று பெயர்க்காதீர்கள். தனியாக ஓடும் அலை எல்லாம் மோதிய பின்னும் சிதையாமல் வெளியே வந்துவிடுவதில்லை.

உங்களில் குறுந்துடிப்புகளைத் தரும் பாங்கு பூட்டிய (mode-locked) இழை லேசர் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் ஆய்வுக்கூடத்தை எங்கள் மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். நிறமாலைத் திரையில் நடு மேட்டின் இருபுறமும் ஊசி ஊசியாக எழும் கெல்லிப் பக்கப்பட்டைகளை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்; தாளில் இருந்த சொலிட்டான் ஒவ்வொரு சுற்றிலும் இடறுபடுவதன் தடயம் அது.

நீங்கள் இங்கே வருவதானாலும் மகிழ்ச்சியே. ரெகுலேட்டரில் தண்ணீர் அடைக்கும் நாள் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். பலகை என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்
கொழிஞ்சாம்பாறை