பி.எஃப். விதிகளும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருங்கால வைப்பு நிதியின் (பி.எஃப்.) மத்திய அறங்காவலர் வாரியம் 2025 அக்டோபரில் எடுத்த முடிவுகளைப் பற்றிய செய்திகளில், பணம் எடுப்பதற்கான 13 விதிகள் 3 வகைகளாகச் சுருக்கப்பட்டதே பெரிதாகப் பேசப்பட்டது. வேலை இழந்தவர் முக்கால் பங்கை உடனே எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், மீதிக் கால் பங்கைப் பெற்றுக் கணக்கை முடிக்கக் காத்திருக்கும் காலம் 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், ஓய்வூதியப் பங்கை எடுக்கும் காலம் 36 மாதமாகவும் நீண்டிருப்பது யாரைப் பாதிக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்களையே அது முதலில் பாதிக்கும் என்பது என் கருத்து.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2016 பிப்ரவரியில், நிறுவனம் செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூருவின் ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து பல்லாயிரம் பெண்கள் சாலைக்கு வந்து, ஓசூர் சாலை உட்பட நகரின் முக்கிய வழிகளை மறித்தார்கள். பெரிய சங்கங்கள் எதுவும் அழைப்பு விடுத்து அவர்களைத் திரட்டவில்லை. தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்த பின், இரண்டாம் நாளே அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது.

அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, ஏற்றுமதித் தொழிற்சாலைகள் நிறைந்த இலங்கையின் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்திலும் இதே கதைதான் நடந்தது. தனியார் துறை ஓய்வூதிய மசோதா ஒன்றை அரசு கொண்டுவந்தது. மாதச் சம்பளத்திலிருந்து பிடித்தம் உண்டு. ஆனால் பத்தாண்டுகள் செலுத்தியவருக்கே ஓய்வூதியம். வலயத்துப் பெண்களில் பெரும்பாலோர் ஐந்தாறு ஆண்டுகளில் வேலையை விட்டுவிடுபவர்கள் என்பதால், தங்கள் பணம் பிறருக்குப் போகும் என்று அவர்கள் கணக்கிட்டது தவறாகாது. 2011 மே 30 அன்று போலீசார் சுட்டதில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார், நாட்டின் காவல்துறைத் தலைவரான போலீஸ் மா அதிபர் பதவி விலகினார், மசோதாவும் கைவிடப்பட்டது. நம் நாட்டு ஓய்வூதியத் திட்டமும் பத்தாண்டுப் பணியைத்தான் கேட்கிறது என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

இரு நாட்டுச் சட்டங்களும் ஒரே மாதிரித் தொழிலாளியை, அதாவது இருபது வயதில் சேர்ந்து ஓய்வு வயது வரை இடைவிடாமல் உழைக்கும் ஆணை, மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பெண் வேலையை விடுவதற்கு அவை ஒப்புக்கொண்ட முதன்மையான காரணம் திருமணம். மணமுடிப்பதற்காக விலகும் பெண்ணுக்கு இரண்டு மாதக் காத்திருப்பு வேண்டாம் என்று நம் பழைய விதி சொல்லியது. நம் பி.எஃப். போன்ற இலங்கையின் ஊழியர் சேமலாப நிதியிலும் திருமணத்தை முன்னிட்டு விலகும் பெண் தன் பணத்தைப் பெறலாம். இடுப்புவலியாலோ, சூப்பர்வைசரின் வசைச்சொல் தாங்காமலோ விலகும் பெண்ணை இச்சட்டங்கள் தனியே கண்டுகொள்ளவில்லை. நாற்பது வயதுக்கு மேல் இத்தொழிலில் நிலைப்பவர்கள் சிலரே. அப்படி வெளியேற வைப்பது தொழில்தானே தவிர அவர்களின் விருப்பமன்று.

உறுப்பினர்களில் பாதிப் பேர் கணக்கை முடிக்கும்போது 20,000 ரூபாய்க்கும் குறைவாகவே வைத்திருக்கிறார்கள் என்று அரசே தன் முடிவுக்கு நியாயம் சொல்லியிருக்கிறது. அடிக்கடி எடுப்பதால் சேமிப்பு கரைகிறது என்பது அதன் வாதம். கூலி குறைவாக இருப்பதே முதற்காரணம் என்பேன். வங்கதேசத்தில் 2023இல் மாதம் 23,000 டாகா குறைந்தபட்சக் கூலி கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு, கிடைத்தது 12,500. கூலியைக் கூட்டினால் ஆர்டர் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சம் டாக்காவிலும் கொழும்பிலும் திருப்பூரிலும் ஒரே குரலில் சொல்லப்படுகிறது. வாங்கும் நிறுவனங்கள் அந்த அச்சத்தை விலையாக மாற்றிக்கொள்கின்றன.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதமும், வங்கதேசம், இலங்கைப் பொருட்களுக்கு 20 சதவீதமும் வரி விதித்தபோது, இந்த ஏற்றத்தாழ்வில் எந்த நாட்டுப் பெண்கள் வேலை இழப்பார்கள் என்பது வாஷிங்டனில் எடுத்த முடிவாகிவிட்டது. அதே ஆண்டில்தான் நம் வாரியம் காத்திருப்புக் காலத்தை ஆறு மடங்காக்கியது. வேலை போனவளுக்கு வீட்டு வாடகையும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் அடுத்த மாதமே வருகின்றன. கால் பங்கு அடுத்த ஆண்டு வரும். அவள் பெயரில் உள்ள ஒரே சொத்தாகப் பெரும்பாலும் இருப்பது அந்தத் தொகைதான். கணவரின் கையெழுத்தோ மாமியாரின் சம்மதமோ இன்றி அவள் எடுக்கக்கூடிய பணமும் அதுவே.

ஆகவே, ஆலை மூடல், ஆட்குறைப்பு, பணியிடத் துன்புறுத்தல், உடல்நலக் குறைவு ஆகியவற்றால் விலகும் தொழிலாளர்களுக்கு 12 மாத, 36 மாத நிபந்தனைகளிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும். பத்தாண்டு நிறைவு செய்யாதவர்களுக்கும் பணிக்காலத்துக்கு ஏற்ற ஓய்வூதியம் தர வழி காண வேண்டும். இவ்விதிகள் குறித்து ஆடைத் தொழிலாளர்களின், குறிப்பாகப் பெண்கள் நடத்தும் சங்கங்களின் கருத்தைத் தொழிலாளர் அமைச்சகம் கேட்டறிய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருப்பூர்