கால்சியம் மாத்திரையை நிறுத்தச் சொன்ன சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அல்சூர் பக்கம் எங்கள் தெருவின் மூத்த குடிமக்கள் சங்கப் பெரியவர்களுக்கு வணக்கம்.

மூளை நலக் கூட்டம் முடிந்த கையோடு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறீர்கள்: "கால்சியம் கூடினால் நினைவு போகும். பால், மாத்திரை குறைக்கவும்." எங்கள் மாடிவீட்டுப் பாட்டிக்குப் போன வருடம்தான் இடுப்பெலும்பு உடைந்தது. தாளைப் படித்துவிட்டு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை மருமகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நரம்பணுக்களோடு, அதாவது மூளையின் நரம்பு செல்களோடு, வேலை பார்க்கிறவள் நான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கூட்டத்தில் பேச வந்தவர், கால்சியம் கூடினால் நினைவு கெடும் என்று சொன்னது சரிதான். ஆனால் அவர் சொன்னது நரம்பணுவுக்குள் இருக்கும் கால்சியத்தை. அணுவுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே அது சுமார் 10,000 மடங்கு அதிகம். செய்தி வரும்போது கண நேரம் வாசல் திறந்து கால்சியம் உள்ளே பாயும். உடனே அதை வெளியே தள்ளியாக வேண்டும், இல்லை, அணுவுக்குள்ளேயே எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற கிடங்கில் அடைக்க வேண்டும். ஒளிரும் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அணுக்கள் பச்சையாகப் பளிச்சென்று மின்னி அடங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் நினைவே பதிகிறது.

இந்த ஏற்ற இறக்கம் கெடுவதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ப்ரெசெனிலின் 1 என்ற மரபணு 1995இல் அடையாளம் காணப்பட்டது. அதில் பிறழ்வு உள்ள குடும்பங்களில் அல்சைமர் என்ற மறதி நோய் 65 வயதுக்கு வெகு முன்பே, சிலருக்கு முப்பதுகளிலேயே, வந்துவிடுகிறது. அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு துண்டுகள் உருவாவதில் அந்த மரபணு தரும் புரதத்துக்குப் பங்குண்டு என்பது பலருக்கும் தெரியும். கூடவே, பிறழ்வு உள்ள அணுக்களில் கிடங்கின் கதவுகளான ஐபி3 ஏற்பி, ரையனோடின் ஏற்பி வழியாகக் கால்சியம் தேவைக்கு மேல் கொட்டுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏன் என்பதில்தான் சண்டை. ப்ரெசெனிலினே கிடங்கின் கசிவுக் குழாய், பிறழ்வால் அது அடைபட்டுக் கிடங்கு நிரம்பிவிடுகிறது என்பது ஒரு கட்சி. இல்லை, பிறழ்ந்த ப்ரெசெனிலின் அந்தக் கதவுகளைத் தூண்டித் திறக்கிறது என்பது மறு கட்சி. எங்கள் கேன்டீனில் இந்தப் பேச்சை எடுத்தால் டீ ஆறிப்போகும்.

இதில் பால் எங்கே வந்தது? ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைக் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனும் வைட்டமின் டி-யும் கறாராகப் பார்த்துக்கொள்கின்றன. நீங்கள் பாலை நிறுத்தினால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும், அவ்வளவுதான். பாராதைராய்டு சுரப்பி கெட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறினால் குழப்பமும் மறதியும் வருவதுண்டு. அது வேறு கதை, ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அப்புறம், "அந்த வீட்டுத் தாத்தாவுக்கு மறதி, சம்பந்தம் வேண்டாம்" என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறதாம். இதுதான் எனக்கு அதிகக் கோபம். இப்படி ஒரே மரபணுப் பிறழ்வால் வரும் அல்சைமர் நூற்றில் ஒன்றுகூட இல்லை. எண்பது வயதில் தாத்தாவுக்கு வந்ததற்காகப் பேத்தியின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவது அநியாயம். தலைமுறைதோறும் ஐம்பதை ஒட்டியே நோய் வருகிற குடும்பமென்றால் மரபியல் ஆலோசனை கேட்கட்டும். நிமான்ஸ் மூளை-மனநல மருத்துவமனை பக்கத்தில்தானே இருக்கிறது.

தாளை இன்றே எடுத்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தியவர்களை அவரவர் டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் அணுக்கள் மின்னும் வீடியோவோடு வருகிறேன். தமிழில் பேசுவேன், கன்னடக்காரர்கள் இருந்தால் கன்னடத்திலும்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள்